நான் படித்துக் காட்டாத தாள்

"வெறுந்தாள்ல நான் போட மாட்டேன் பாய்."

ராசேந்திரன் இதைச் சொன்னபோது அந்த அறையில் அவரையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டு விரிப்பை ஒரு பக்கம் துடைத்துவிட்டு, அதன்மேல் அந்த ஒன்பது தாள்களையும் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் கீழ் ஓரத்தில் ஒரு பெயர். மேலே எல்லாம் வெள்ளை.

குவைத்தில் ஃபர்வானியா என்ற பகுதியில் மூன்றாம் மாடி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நேரே அங்கே போயிருந்தேன். நெத்திலிக் கருவாட்டு வாசனை அறையைவிட்டுப் போகவில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பெயின்ட் டப்பாவில் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது.

ராசேந்திரன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். முதுகுளத்தூர்ப் பக்கம். நான் கீழக்கரை. ஒரே மாவட்டம் என்பதால் எனக்கு அவரிடம் கொஞ்சம் உரிமை அதிகம்.

"ஏம்ப்பா, தாள் கடிச்சிருமா?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எழுதிக்கிட்டு வாங்க. படிச்சுக் காட்டுங்க. பெறகு போடுறேன்."

"நான் எழுதப்போறது அரபியில. படிச்சா உனக்கு என்ன வெளங்கும்?"

"தமிழ்ல சொல்லுங்க."

பன்னிரண்டு வருடமாக டைப்பிங் கடைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கவுண்டருக்குப் பின்னால்

சென்ற வாரம் எங்கள் டைப்பிங் சென்டரைப் பற்றி எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், "நீங்கள் வக்கீலா, எழுத்தரா, தரகரா?" என்று கேட்டிருந்தார். மூன்றும் இல்லை. ஆனால் மூன்று பேருக்கும் கிடைக்கிற திட்டு எனக்கும் கிடைத்திருக்கிறது.

குவைத்தில் அரசாங்கத்துக்குப் போகும் தாள் எல்லாம் அரபியில் இருக்க வேண்டும். விசா மாற்றம், அடையாள அட்டை, லீவு, கம்பெனிமீது புகார், எதுவானாலும் சரி. அதை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் கடையின் பிழைப்பு. ஒரு பக்கம் மளிகைக் கடை, மறுபக்கம் சலூன். நடுவில் எட்டடி அகலத்தில் நான்.

எங்களுக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. கேம்ப்பில் இருக்கும் ஆட்கள் விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதான் வெளியே வர முடியும். ஆனால் நான் அடித்து முடிப்பது வாரநாளில். அதனால் வருகிறவரிடம் நாலைந்து வெறுந்தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு ஓய்வாக மேலே எழுத்தை நிரப்புவோம். எழுத்து கீழே வரை ஓடினால் கையெழுத்தைத் தொடாமல் வரியை மடக்கி அடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

இது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. வேலைக்குச் சேரும் நாளிலேயே கம்பெனிக்காரன் அப்படித்தான் வாங்குகிறான். ஊரில் ஏஜென்ட் அப்படித்தான் வாங்கினான். பாய் வாங்கினால் மட்டும் என்ன?

"பாய் கையில குடுத்தா முடிஞ்சிரும்" என்பார்கள். அரபியில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஃபர்வானியாவில் ஒரு பேச்சு இருந்தது. நான் அதைப் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், சிறுவயதில் ஊர் மதரஸாவில் ஓதக் கற்ற அரபியும், கவுண்டரில் பொறுக்கிய அரபியும் சேர்ந்ததுதான் என் புலமை. அச்சில் இருந்தால் படிப்பேன். கையால் எழுதியது வேறு விவகாரம். குவைத்திகள் வேகமாக எழுதும்போது எழுத்தோடு வரும் இரண்டு புள்ளி ஒரு கோடாகிவிடும், மூன்று புள்ளி ஒரு கூரையாகிவிடும். டாக்டர் சீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வக்கீலம்மா சொன்ன செய்தி

ராசேந்திரன் முரண்டு பிடித்த அந்த வெள்ளிக்குச் சில நாள் முன்பு, வக்கீல் நூரா கடைக்கு வந்தார். குவைத்திப் பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஆபீசின் தட்டச்சு வேலை எங்களிடம்தான் வரும். பொதுவாக டிரைவர் வருவார். அன்று அவரே வந்தார். கையில் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது.

"இதைப் படித்தீரா?"

அச்சில் இருந்ததால் படித்தேன். மஜ்லிஸின் முன்னால் ஒரு சட்ட வரைவு வந்திருந்தது. மஜ்லிஸ் என்றால் அங்குள்ள சட்டமன்றம். வளைகுடாவில் ஓட்டுப் போட்டு ஆட்களை அனுப்பிச் சண்டை போட வைக்கிற நாடு என்று குவைத்துக்கு ஒரு பெருமை உண்டு. நமக்கு ஓட்டுக் கிடையாது. சட்டம் மட்டும் உண்டு.

வரைவில் இரண்டு விஷயம். ஒன்று, வெளிநாட்டுக்காரர் காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டால் போதும். கோர்ட்டுக்குப் போகாமலே அவரை ஊருக்கு அனுப்பிவிடலாம், திரும்பி வரவும் முடியாது. இரண்டு, காவலில் நடந்ததைப் பற்றிப் போலீஸ்காரர்மீது புகார் கொடுக்க வேண்டுமானால் அவருடைய மேலதிகாரியே அனுமதி தர வேண்டும்.

"இப்போதே பாதி இப்படித்தானே நடக்கிறது?" என்றேன்.

"இப்போது நடந்தால் நான் கோர்ட்டில் கேட்கலாம். இனிமேல் கேட்க முடியாது. அதுதான் வித்தியாசம்."

அவருடைய சிற்றப்பா வீட்டில் செவ்வாய்தோறும் தீவானியா கூடும். வீட்டோடு ஒட்டிய பெரிய கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே நாட்டு நடப்பைப் பேசுவது அங்கே வழக்கம். மஜ்லிஸ் உறுப்பினர்கள் அங்கேதான் மனு வாங்குவார்கள். அந்த வரைவைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்த ஒருவர் அடுத்த செவ்வாய் வருகிறாராம்.

"என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் உமக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்கள் வந்து நிற்க வேண்டாம். அவர்கள் எழுத்து வரட்டும்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சட்டத்தையே நிறுத்தப்போகிறோம். அப்படித்தான் தாள் கட்டை எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் அப்படிப் போட்டவர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும் கூடியிருந்த அந்த மூன்றாம் மாடிக்குப் போனேன். தெரியாமல் போட்ட கையெழுத்தைப் பற்றிய மனுவுக்கு வெறுந்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"எந்தப் பாய்?"

அறைக்குத் திரும்புவோம்.

"இந்தா பாரு ராசேந்திரா, இது உங்களுக்காகத்தான். உங்க மச்சான் உள்ள இருக்காரே, அவருக்காகவும்தான்" என்றேன்.

அவருடைய அக்காள் கணவர் பழனிவேல் மூன்று மாதமாக நாடுகடத்தும் சிறையில் இருக்கிறார் என்று அறையில் சொல்லியிருந்தார்கள். சைட்டில் செம்புக் கம்பி காணாமல் போனதில் பிடித்தார்களாம். கூடப் பிடிபட்டவர்களைக் கம்பெனிக்காரர்கள் வந்து மீட்டுப் போனார்கள். இவர் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. எந்த நாளும் விமானம் ஏற்றிவிடலாம் என்ற நிலை.

ராசேந்திரன் ஏசித் தண்ணீர் விழுந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மச்சான் வெறுந்தாள்லகூடப் போடலை பாய். எழுதுன தாள்லதான் போட்டாக. என்னான்னு கேட்டிருக்காக. கூட இருந்த பாய் சொன்னாகளாம், வழக்கமான தாள்தான், போட்டுட்டு ரூமுக்குப் போப்பான்னு. ரூமுக்கு வரலை."

"எந்தப் பாய்?"

"நீங்கதான் பாய்."

பெயின்ட் டப்பா மட்டும் டொக் டொக்கென்றது.

"கண்ணாடி போட்ட கீழக்கரை பாய், டைப்பிங் கடைக்காரருன்னு உள்ள இருந்து போன்ல சொன்னாக. வேற யாரு இருக்கா?"

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றுதான் கேட்க வந்தது.

"சொல்லிட்டு? நாளைக்கி ஒரு தாள் எழுதணும்னா உங்ககிட்டத்தான வரணும்."

இடது காது

மெதுவாக எல்லாம் நினைவுக்கு வந்தது.

மக்ஃபரில், அதாவது காவல் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் எங்கள் கடைக்குப் போன் வரும். போவேன். நாற்காலி போடுவார்கள், புதினா போட்ட டீ தருவார்கள். சீருடைக்காரர் ஒருவர் நம்மை "உஸ்தாத்", அதாவது ஆசான், என்று அழைக்கும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகவே போனேன் என்று இப்போது சொல்லிவிடலாம்.

அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. இடது காது சிவந்து வீங்கியிருந்தது. ஏதாவது பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு பக்கம் முழுக்கக் கையால் எழுதிய தாளை என் முன்னால் நகர்த்தினார்கள். பார்த்தேன். தேதி புரிந்தது. "நான்" என்ற சொல் புரிந்தது. மற்றதெல்லாம் கோடும் கூரையும்தான்.

"கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று அந்த அதிகாரியைக் கேட்டிருக்கலாம். உஸ்தாத் எப்படிக் கேட்பார்?

"என்ன இது?" என்று மட்டும் கேட்டேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"ஆதி" என்றார் அவர். வழக்கமானதுதான் என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்று மொழிபெயர்த்தேன். "வழக்கமான தாள்தாம்ப்பா. போட்டுட்டு ரூமுக்குப் போ." அவர் என்னை நம்பிப் போட்டார். மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் நானும் என் அழகான கையெழுத்தைப் போட்டுவிட்டு, மிச்ச டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வக்கீலம்மா படித்தார்

சனிக்கிழமை காலை நூராவிடம் போய்ச் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. பழனிவேலின் வாக்குமூலத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். மறுநாளே அவர் எங்கிருந்தோ நகல் வாங்கிவிட்டார்.

மேஜைமேல் வைத்துச் சரளமாகப் படித்தார். பத்திரிகைச் செய்தி படிப்பது மாதிரி அவ்வளவு எளிதாக வந்தது அவருக்கு. பழனிவேல் ஆகிய நான் செம்புக் கம்பி மூன்று சுருள் எடுத்தேன். அடையாளம் தெரியாத ஒருவரிடம் விற்றேன். தனியாகவே செய்தேன். காவலில் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எவர்மீதும் எனக்குப் புகார் இல்லை. இது எனக்கு என் மொழியில் படித்துக் காட்டப்பட்டது.

அதற்குக் கீழே என் பெயர். சுழித்துப் போட்ட என் கையெழுத்து.

ஒரு மனிதனைத் திருடனாக்கிய தாளுக்கு நான் சாட்சி போட்டிருக்கிறேன். வீங்கிய காதைப் பார்த்துக்கொண்டே, யாரும் அடிக்கவில்லை என்பதற்கும் சாட்சி போட்டிருக்கிறேன்.

"படித்துக் காட்டினீரா?"

"இல்லை."

"ஏன்?"

"எனக்கே படிக்க வரவில்லை."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: "மற்றவர்கள் கொடுப்பது புகார். நீர் கொடுப்பது சாட்சியம். நீர் இதை எழுதிக் கொடுத்தால் இந்தத் தாள் நிற்காது. அவருடைய பயணத்தைத் தடுக்க நாளையே மனுப் போடுவேன். தீவானியாவிலும் இதுதான் முதல் தாள். ஆனால் பொய்யாக மொழிபெயர்த்தீர் என்று உம்மீது வழக்கு வரலாம். உம் கஃபீல் விசாவை ரத்து செய்யலாம். அதையும் நான் சொல்லியாக வேண்டும்."

கஃபீல் என்பவர் நம்முடைய விசாவைக் கையில் வைத்திருக்கும் முதலாளி. ஊரில் எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாள் கொடுங்கள்" என்றேன். "யோசித்துச் சொல்கிறேன்."

கொடுத்தார்.

அந்த ஒரு நாள்

திங்கட்கிழமை நண்பகலில், எழுதிக் கையெழுத்தும் போட்ட தாளோடு அவர் ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் என் துணிச்சலை நானே மெச்சிக்கொண்டு போனேன். அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்."

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். கை ரேகை எடுத்து, இனி வளைகுடாப் பக்கமே வர முடியாதபடி பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். நேற்று எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தியிருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அதன் பதில் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

வெறுந்தாள்கள் ஒன்பதையும் கிழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவர் சொன்னதையும் புதிதாக அடித்தேன். டியூட்டி முடிந்து பஸ் வரும் நேரத்துக்கு அந்த மூன்றாம் மாடியில் போய் உட்கார்ந்தேன்.

"மொதல்ல உங்க தாளப் படிங்க பாய்" என்றார் ராசேந்திரன். அவருக்கு அதற்குள் செய்தி தெரிந்திருந்தது.

படித்தேன். "எனக்குக் கையால் எழுதிய அரபியைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவன்போல் நடித்தேன். பழனிவேலுக்கு எதையும் படித்துக் காட்டவில்லை. அவருடைய இடது காது வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை."

ஃபர்வானியாவில் பன்னிரண்டு வருடமாக நான் கட்டிய பெயர் நாலு வரியில் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு ஒவ்வொரு தாளாகத் தமிழில் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, எவ்வளவு தப்பாக அடித்திருக்கிறேன் என்று. "நாலு நாள் இல்லை பாய், ஆறு நாளு" என்றார் ஒருவர். இன்னொருவர், "அடிச்சாகன்னு எழுதாதீக. என்னையத் தள்ளுனாக. தள்ளுனதத் தள்ளுனதுன்னே எழுதுங்க" என்றார். திருத்திக் கொடுத்தேன். போட்டார்கள்.

கடைசியில் ராசேந்திரனும் மச்சானைப் பற்றிய தாளில் போட்டார். நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.

"மச்சான் போயிட்டாக. இனிமே பிடிபடுறவனுக்காவது ஆகட்டும்."

செருப்புகளின் பக்கத்தில்

செவ்வாயன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தீவானியா. நூராவின் சிற்றப்பா என்னை உள்ளே அழைத்துப் போனார். ஆண்கள் கூடும் இடமென்பதால், இத்தனைக்கும் காரணமான நூரா வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலோரம், செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏலக்காய் வாசனையோடு சின்னக் கோப்பையில் காப்பி வந்தது. வாங்கும்போதே வெள்ளை விரிப்பில் சிந்திவிட்டேன்.

உறுப்பினர் என் தாளை முதலில் படித்தார். நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இது யார்?"

எழுந்து நின்றேன்.

"படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டீரா?"

"ஆமாம்."

"இதே மாதிரி வேறு எத்தனை தாளில் போட்டிருக்கிறீர்?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அதுவரை பழனிவேலின் தாள் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியும் அந்த டீயும் அந்த "உஸ்தாத்"தும் ஒரு நாள் விவகாரமா என்ன? எத்தனை நாள், எத்தனை பேர்?

"தெரியவில்லை" என்றேன்.

உறுப்பினர் தாள்களைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆள், தாயாருக்கு வெளிநாட்டு வைத்தியம் வேண்டுமென்று பேச ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அந்த வரைவு சட்டமாகவில்லை. எங்கள் தாள்களால் என்று சொல்ல மாட்டேன். வேறு ஏதோ சண்டையில் மஜ்லிஸையே கலைத்துவிட்டார்கள். வரைவும் அதோடு கிடப்பில் விழுந்தது. என் கஃபீல் ஒரு மணி நேரம் கத்தினார். விசாவை ரத்து செய்யவில்லை, ஆனால் மக்ஃபர் வாசலை மிதிக்கக் கூடாது என்றார். அதற்குள் நானே அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

கடையில் வெறுந்தாளில் கையெழுத்து வாங்குவதை நிறுத்தினேன். பாதி வாடிக்கை பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிற்று. அங்கே வேலை சீக்கிரம் முடியுமாம்.

போன்

பழனிவேலின் நம்பரை ராசேந்திரன்தான் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டேன். கோழி கத்துவது கேட்டது. யாரோ கூப்பிட்டு அவர் வந்தார்.

நான் யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பாய், ஒண்ணு கேக்கணும். இங்க கேக்க ஆளில்லை. அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருந்துச்சு?"

மூன்று மாதம் சிறையில் இருந்து, விமானம் ஏறி, ஊரில் நாலு பேர் முகத்தில் விழித்து, இன்னும் அவருக்குத் தெரியவில்லை. யாருமே சொல்லவில்லை. நூரா கொடுத்த நகலும், பக்கத்தில் அவர் அச்சடித்துத் தந்த பிரதியும் என் மேஜையில்தான் இருந்தன.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நான் கம்பி எடுத்தேன். விற்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை. எவர்மீதும் எனக்குப் புகார் இல்லை. கடைசி வரிக்கு வந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"இது எனக்கு என் மொழியில் படித்துக் காட்டப்பட்டது."

"இப்பத்தான பாய் படிச்சுக் காட்டுறீக" என்றார்.